வாடகைக்கு வீடு கேட்டுப் போனேன்

சென்ற இதழில் மோர் மிளகாய் போடும் பக்குவம் எழுதியிருந்தேன். ‘உப்பு சரியாகப் பிடிக்கவில்லையே’ என்று இரண்டு சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன். இந்த முறை ஊறுகாயும் இல்லை, வடாமும் இல்லை. ஒரு வீடு பார்த்த கதை.

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்றார்கள் பெரியவர்கள். சென்னையில் காலேஜுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்துப் பார் என்று ஒன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

என் பெரிய மகளுக்குப் போன வருஷம் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.இ. படிக்க இடம் கிடைத்தது. அங்கே இருக்கிற என்ஜினீயரிங் காலேஜ் 1794-ல் சர்வே பள்ளிக்கூடமாக ஆரம்பித்தது, 1978-ல்தான் பல்கலைக்கழகம் வந்தது என்று இவர் எங்கள் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு வந்தார். எனக்கோ, பெண் எங்கே தங்குவாள், என்ன சாப்பிடுவாள் என்பதுதான் கவலை. கூடப் படித்த தோழிகள் இரண்டு பேருக்கும் அங்கேயே இடம் கிடைத்ததால், மூவரும் சேர்ந்து ஒரு வீடு எடுத்துத் தங்குவது என்று பேசி முடித்தார்கள். வீடு பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

தஞ்சாவூரிலிருந்து ராத்திரி வண்டி ஏறி, நங்கநல்லூரில் நாத்தனார் வீட்டில் இறங்கினோம். “ரெண்டு நாள்ல முடிச்சிட்டுக் கிளம்பிடுவேன்” என்றேன். நாத்தனார் சிரித்தாள். “அண்ணி, ஒரு வாரத்துக்குப் புடவை எடுத்திட்டு வந்திருக்கீங்கதானே?” என்றாள். அவள் சொன்னதுதான் நடந்தது.

பல்கலைக்கழகம் சர்தார் படேல் சாலையில் இருக்கிறது. அதே சாலையில்தான் ஐ.ஐ.டி.யும். சுற்றி கோட்டூர், கோட்டூர்புரம், காந்தி நகர், அடையாறு. கொஞ்சம் தள்ளிப் போனால் சைதாப்பேட்டை, வேளச்சேரி. படிக்க வருகிற பிள்ளைகள் அத்தனை பேரும் இந்தத் தெருக்களில்தான் வீடு தேடுகிறார்கள். காலேஜ் திறக்கிற சமயத்தில் காலையில் தொங்குகிற ‘டு-லெட்’ போர்டு சாயங்காலம் இருப்பதில்லை. புரோக்கர் மூலம் போனால் ஒரு மாத வாடகை அவருக்குக் கமிஷன். நாங்களே தெருத் தெருவாக நடந்து பார்க்கிறது என்று கிளம்பினோம்.

முதல் நாள் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் கிரில் கதவுக்கு உள்ளேயே நின்றுகொண்டு பேசினார். கதவைத் திறக்கவில்லை. “எந்த ஊரு? என்ன ஆளுங்க? சுத்த சைவமா?” என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு மகள் என் முகத்தைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குகிற வீடு எங்களுடையது. பொய் சொல்ல நாக்கு வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முடித்துவிட்டார். “காலேஜ் பொண்ணுங்களா? வேணாம்மா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாங்கல்ல பதில் சொல்லணும்?”

உச்சி வெயில். ஒரு வாய் தண்ணீர் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. கேட்கவில்லை. மகள், “ஏம்மா, என்னப் பாத்தா எப்படிம்மா தெரியுது அவருக்கு?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. என் மனசு வேறு எங்கோ போய்விட்டது. ஏனென்றால் அவர் சொன்னாரே, அந்த வாக்கியம் எனக்குப் புதிது இல்லை. அதே வார்த்தையை நானே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் மாடியில் ஒரு சின்னப் போர்ஷன் உண்டு. அதை வாடகைக்கு விடுவோம். நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஆடி மாதம், பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு எங்கள் ஊரில் ஒரு காலேஜில் எம்.எஸ்ஸி. கிடைத்திருந்தது. இன்னொரு பெண்ணோடு சேர்ந்து தங்கிக்கொள்கிறேன் என்றாள். வாடகையைக் குறைக்கக்கூடக் கேட்கவில்லை. நான்தான் வாசற்படியில் நின்றபடியே, “வயசுப் பொண்ணுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா நான்ல பதில் சொல்லணும்?” என்று சொல்லி அனுப்பினேன். அந்த அம்மா, “வேற எங்கயாச்சும் காலி இருந்தா ஒரு போன் பண்ணுங்கக்கா” என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். பால் கணக்கு நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்தேன். அதோடு மறந்தும் போனேன். அவர்களை உட்காரச் சொன்னேனா, தண்ணீர் கொடுத்தேனா என்று அன்றைக்குத் தெருவில் நின்றபடி யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. கொடுத்திருந்தால் நினைவிருக்கும்.

சரி, வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

மூன்றாம் நாள் கோட்டூர்புரத்தில் ஒரு தரைத்தள வீடு அமைந்தது. புதுசாகப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. வாடகையும் கட்டுப்படியாகிற மாதிரி. மகளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் உள்ளே நுழைந்ததும் ஒரு பூஞ்சை வாடை அடித்தது. அலமாரியைத் திறந்து பின் சுவரைத் தடவினால் கையில் மாவு மாதிரி உப்பு ஒட்டியது. வெளியே வந்து தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் இடுப்புக்கு நேராகக் கையைக் காட்டினார். “இரண்டாயிரத்துப் பதினஞ்சுல இவ்ளோ தண்ணிம்மா. ஆறு அந்தாண்டதான இருக்கு” என்றார்.

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரத்தில் வெள்ளம் புகுந்தது எல்லோருக்கும் தெரியும். டி.வி.யில் நாமும் பார்த்தோம். ஆனால் வீடு பார்க்கிற அவசரத்தில் அது நினைவுக்கு வருமா? 2023 டிசம்பர் புயல் மழையில் வேளச்சேரிப் பக்கமும் தண்ணீரில் கிடந்தது. ஆகவே சகோதரிகளே, சென்னையில் எந்தத் தரைத்தள வீடானாலும் வீட்டுக்காரரிடம் ஒரு தரம், தெருவில் கடை வைத்திருப்பவரிடம் ஒரு தரம், இந்த இரண்டு மழைக்கும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். ஈரச் சுவர் இருக்கிற அறையில் படுத்தால் இழுப்பு, தும்மல் உள்ளவர்களுக்கு வருஷம் பூரா உபத்திரவம். மகளுக்குச் சின்ன வயசில் வீசிங் உண்டு. வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

ஐந்தாம் நாள்தான் கோட்டூரில் அந்த அம்மாளின் வீடு கிடைத்தது. பழைய கட்டடம். கீழே அவர், மேலே இரண்டு அறையும் ஹாலும் சமையற்கட்டும். எழுபது வயசு இருக்கும். “உள்ள வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க” என்று மோர் கொடுத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். மூன்று கேள்விகள் கேட்டார். “எத்தன பேரு இருப்பீங்க? வாடகை யாரு கையிலேர்ந்து வரும்?” மூன்றாவதாக, “ராத்திரில புள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லன்னா நான் யாருக்கு போன் பண்ணணும்?”

அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பெண்ணைப் பற்றி அந்த ஊரில் யாரோ ஒருவர் சரியான கேள்வி கேட்டார் என்று இருந்தது.

அதற்காக அவர் விவரம் இல்லாதவர் என்று நினைக்காதீர்கள். வாடகை 21,000, அட்வான்ஸ் ஆறு மாதம் என்றார். சென்னையில் பத்து மாத வாடகை வாங்குகிற பழக்கம் ரொம்ப நாளாக உண்டு. ஆறு என்பதே குறைவுதான். ஆனால் 2017-ல் தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களுக்கான புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. வேறுவிதமாக எழுத்தில் ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. நாத்தனார் வீட்டுக்காரர் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். நான் படித்தது பள்ளிக்கூடம் வரைக்கும்தான். இருந்தாலும் கொஞ்சம் தைரியம் வரவழைத்துக்கொண்டு சொன்னேன்.

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. “சட்டம் எனக்கும் தெரியும்மா. போன தடவை இருந்த பசங்க மூணு மாச வாடகையும் கரண்ட் பில்லும் பாக்கி வெச்சிட்டு ராத்திரியோட ராத்திரியா போய்ட்டாங்க. எனக்கு வர்றது இந்த வாடகை மட்டுந்தான்” என்றார். அதுவும் நியாயம்தானே? நாமும் வீடு விடுகிறவர்கள், அந்தப் பயம் எனக்குத் தெரியாததா? பேசிப் பேசி நாலு மாதம் என்று முடிவாயிற்று. 84,000 ரூபாய், ஒரு பெண்ணுக்கு 28,000. அதை அப்படியே எழுத்தில் போட்டுக்கொண்டோம்.

வீடு பிடித்துப் போனதும் சந்தோஷத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம்: வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு வேண்டும் என்பதால்தான் பதினோரு மாதம் என்று எழுதுகிற வழக்கம் வந்தது. இப்போதைய சட்டப்படி பதினோரு மாத ஒப்பந்தத்தையும் 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிந்துகொள்ள வேண்டும். இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து தங்கினால் எல்லோர் பெயரும் அதில் வரட்டும். நடுவில் ஒருத்தி படிப்பை முடித்துக்கொண்டு போனால் அவள் பங்கு அட்வான்ஸை யார் தருவது என்பதையும் எழுதிவிடுங்கள். பிற்பாடு தோழிகளுக்குள் மனஸ்தாபம் வராது.

அட்வான்ஸ் திரும்ப வருவது: காலி செய்து ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது சட்டம். பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பலருடைய வழக்கம். குடியிருந்ததால் வருகிற சாதாரண அழுக்குக்குப் பிடிப்பதில்லை, உடைசலுக்கு மட்டும் ஆன செலவு என்று முன்கூட்டியே பேசி எழுதுங்கள். குடிபோகிற அன்றைக்கே ஒவ்வொரு சுவரையும், குழாயையும், ஜன்னல் கண்ணாடியையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

கரண்ட்: மாடிக்குத் தனி ஈ.பி. மீட்டர் உண்டா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிற பில்லை அப்படியே கட்டலாம். வீட்டு இணைப்புக்கு அதில் முதல் 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் இல்லாமல், ‘யூனிட்டுக்கு இத்தனை’ என்று வீட்டுக்காரர் கணக்குப் போட்டால் அந்தச் சலுகை உங்களுக்கு வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடிபோன அன்றைய மீட்டர் ரீடிங்கைக் குறித்து வையுங்கள்.

தண்ணீர்: குழாயைத் திறந்து ஒரு பக்கெட் பிடித்துப் பாருங்கள். மெட்ரோ வாட்டர் வருகிறதா, போர் தண்ணீர் மட்டுமா, மோட்டார் எப்போது போடுவார்கள், லாரித் தண்ணீர் வாங்கினால் யார் பணம் கொடுப்பது, எல்லாம் கேட்க வேண்டியது. போர் தண்ணீரைக் கையில் எடுத்துச் சோப்புப் போட்டுப் பாருங்கள், நுரை வராவிட்டால் உப்புத் தண்ணீர். பருப்பும் வேகாது, தலைமுடியும் சிக்கு விழும்.

சமையற்கட்டு: ஜன்னல் இல்லாத சமையற்கட்டானால், எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆற்றோரத் தெருக்களில் கொசு அதிகம், ஜன்னலுக்கு வலை இருக்கிறதா பாருங்கள். கேஸுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் திண்டாட வேண்டியதில்லை. 5 கிலோ சின்ன சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டையைக் காட்டினாலே கிடைக்கிறது. மூன்று பேருக்குக் குழம்பு, ரசம் வைத்துக்கொள்ளத் தாராளமாகப் போதும். கள்ள மார்க்கெட்டில் வாங்கவே வேண்டாம்.

தெரு: பகலில் பார்த்த வீட்டை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தரம் போய்ப் பாருங்கள். பெண் லேபை முடித்துக்கொண்டு வருகிற நேரம் அது. விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, பஸ் ஸ்டாப்பிலிருந்து எத்தனை நிமிஷம் என்று நீங்களே நடந்து பாருங்கள். நாங்கள் அப்படி நடந்ததில் ஒரு தெரு வேண்டாம் என்று ஆயிற்று.

வீட்டுக்காரர் வருவது: நினைத்த நேரத்தில் சாவி போட்டுத் திறந்து உள்ளே வர முடியாது. 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். தகராறு என்றால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தவும் கூடாது. இதைப் பெண் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

குடிவைத்துவிட்டு, அரிசி, பருப்பு, சாம்பார்ப்பொடி எல்லாம் டப்பாக்களில் நிரப்பி, கீழ்வீட்டு அம்மாளிடம் மூன்று அம்மாக்களின் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன். வந்த அன்றைக்கே பால் கணக்கு நோட்டைத் தேடினேன். பரணில் பழைய பேப்பர் கட்டோடு கிடந்தது. பின் அட்டையில் நம்பர் இருந்தது.

என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியாமல்தான் போன் போட்டேன். அந்த அம்மாவுக்கு என்னை உடனே நினைவு வரவில்லை. தெரு அடையாளம் சொன்னதும், “ஆமாக்கா, மாடி வீடு” என்றார். பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “அப்ப எங்கயும் எடம் அமையலக்கா. பஸ்ஸுலயே போய்வந்தா. காலைல அஞ்சரைக்குக் கெளம்பி ராத்திரி எட்டாயிடும். ஒரு வருசம் ஓட்டினா. அப்புறம் உடம்பு தாங்கலன்னு நின்னுட்டா. இப்ப இங்க ஒரு ஜவுளிக்கடைல கணக்கு எழுதுறா” என்றார். குரலில் வருத்தமோ குற்றமோ எதுவும் இல்லை. “நீங்க நெனப்பு வச்சுக் கேட்டதே பெருசுக்கா” என்று வேறு சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் மாடியைக் கொடுத்திருந்தால் அவள் படிப்பை முடித்திருப்பாள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. முடிக்காமலும் போயிருக்கலாம். ஆனால் நான் கதவைச் சாத்தினது நிஜம். ‘பொறுப்பு’ என்று பெரிய வார்த்தை சொல்லித்தான் சாத்தினேன். கோட்டூர் அம்மாளைப் பார்த்த பிறகு தெரிகிறது, பொறுப்பு என்பது ஒரு போன் நம்பரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது. அவ்வளவு சின்ன விஷயம்.

போன சித்திரையில் மாடி காலியானது. ஆனியில் இரண்டு பெண்கள் வந்து கேட்டார்கள். இவர் வழக்கம்போல, “வயசுப் பொண்ணுங்களாச்சே, யோசிச்சுக்க” என்றார். யோசித்தாயிற்று என்றேன். இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மூன்று மாத அட்வான்ஸ் என்றேன். எழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றேன். பிறகு, “உடம்பு சரியில்லன்னா நான் யாருக்குப் போன் பண்ணணும்மா?” என்று கேட்டேன்.

இப்போது மாடியில் ராத்திரி பதினொரு மணிவரை விளக்கு எரிகிறது. கரண்ட் அவர்கள் கணக்கு, எனக்கென்ன?

உங்கள் வீட்டிலும் ஒரு போர்ஷன் காலியாக இருக்கலாம். இல்லை, உங்கள் பெண்ணும் ஏதோ ஓர் ஊரில் பெட்டியோடு தெருவில் நிற்கலாம். எந்தப் பக்கம் இருந்தாலும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் சகோதரிகளே. அடுத்த இதழில் மோர் மிளகாயோடு வருகிறேன்.